தொடங்கி வைத்து மறையும் இழை

உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியுமுன் தன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுத்துக்கொள்கிறது. அப்பணியைத் தொடங்கி வைப்பது எது? இந்த எளிய வினாவுக்கு விடை காணக் கால் நூற்றாண்டு ஆயிற்று. அவ்வரலாற்றை நாம் இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

1956இல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் ஆர்தர் கோர்ன்பெர்க் குழுவினர் டி.என்.ஏ. பாலிமரேஸ் என்னும் நொதியைக் கண்டறிந்தனர். படியெடுக்கும் நொதி கிடைத்துவிட்டதால் வினா தீர்ந்தது போலவே தோன்றியது. ஆனால் அந்நொதிக்கு ஒரு குறை இருந்தது. ஏற்கெனவே உள்ள இழையின் முனையில் ஒவ்வோர் எழுத்தாகச் சேர்க்க அதனால் இயலும். புதிய இழையைத் தானே தொடங்க இயலாது.

இச்சிக்கலை மேலும் கூர்மையாக்கியவர்கள் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரெய்ஜி ஒகசாகி, சுனேகோ ஒகசாகி இணையர். டி.என்.ஏ.வின் ஈரிழைகளும் எதிரெதிர்த் திசைகளில் அமைந்தவை. பாலிமரேஸோ ஒரு திசையில் மட்டுமே செல்லும். ஆகவே ஓர் இழையின் படி சிறுசிறு துண்டுகளாகவே உருவாகிறது என்பதை 1960களின் பிற்பகுதியில் அவர்கள் காட்டினர். அப்படியாயின் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே ஒரு தொடக்கம் வேண்டும். 1972இல், பாக்டீரியாவின் இளந்துண்டுகளில் ஆர்.என்.ஏ. ஒட்டியிருப்பதை அக்குழு கண்டது. விரைவில் நீக்கப்பட்டுவிடும் இழை ஆதலின், அதை ஐயமற நிறுவுவது எளிதன்று. ஹிரோஷிமாவில் பிறந்து அணுகுண்டின் கதிர்வீச்சுக்கு ஆளான ரெய்ஜி, 1975இல் இரத்தப் புற்றுநோயால் 44ஆம் வயதில் மறைந்தார். சுனேகோ மனந்தளராது ஆய்வைத் தொடர்ந்து, அத்தொடக்க இழையின் அமைப்பை நிறுவினார்.

உட்கரு கொண்ட உயிரணுக்களில் அவ்விழையை ஆக்குவது எது? 1956ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பில் கோர்ன்பெர்க்குடன் பங்கேற்ற ராபர்ட் லேமன், 1982இல் ரொனால்டு கானவேயுடன் இணைந்து விடை கண்டார். பழ ஈயின் கருக்களை ஆராய்ந்த அவர்கள், பிரைமேஸ் என்னும் நொதி பாலிமரேஸ் ஆல்பாவுடன் ஒன்றிணைந்திருப்பதைக் கண்டனர். மனித உயிரணுவிலும் அமைப்பு இதுவே. பிரைமேஸ் ஏறத்தாழ 10 எழுத்து நீள ஆர்.என்.ஏ. இழையை இயற்றுகிறது, ஆல்பா அதனுடன் ஏறத்தாழ 20 டி.என்.ஏ. எழுத்துகளைச் சேர்க்கிறது; எஞ்சிய நெடும்பணியை டெல்டா, எப்சிலான் என்னும் பாலிமரேஸ்கள் ஏற்கின்றன. பின்னர் ஆர்.என்.ஏ. நீக்கப்பட்டு, அவ்விடம் நிரப்பப்பட்டு, லைகேஸ் நொதியால் துண்டுகள் இணைக்கப்படுகின்றன.

ஓர் உயிரணு பிரியும் ஒவ்வொரு முறையும் இத்தகைய தொடக்கங்கள் கோடிக்கணக்கில் நிகழ்கின்றன. நிறைவுற்ற டி.என்.ஏ.வில் அவற்றின் சுவடு எஞ்சுவதில்லை. எஞ்சாத ஒன்றை, 'எப்படித் தொடங்கிற்று?' என்று விடாது கேட்டவர்களே நமக்குக் காட்டித் தந்தனர்.