பட்டியலில் விடுபட்ட எண்

எண்களுக்கும் குணமுண்டு என்று கூறின் நகைப்போர் சிலர் இருக்கலாம். ஜொகூர்த் தோட்டமொன்றில் 13 இரப்பர்க் கன்றுகளை ஒத்த வரிசைகளாகப் பகிர்ந்து நட முயல்வோமாயின், மீதி எஞ்சும்; அல்லது குறை நேரும். 12 கன்றுகளாயின் 2, 3, 4, 6 என எத்தனை வரிசைகளாகவும் நடலாம். 12-ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை வகுத்திகள் இல்லை.

தன்னிற் சிறிய எண்கள் யாவற்றினும் மிகுந்த வகுத்திகளையுடைய இத்தகைய எண்களை ஆராய்ந்தவர், 1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன். சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராயிருந்த அவர், 1914-இல் இங்கிலாந்து சென்றார். மறு ஆண்டே இவ்வெண்களைப் பற்றிய நீண்ட கட்டுரை இலண்டன் கணிதக் கழக ஏட்டில் வெளியாயிற்று. 1916-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் அளித்தது இவ்வாராய்ச்சிக்காகவே.

அக்கட்டுரையின் பட்டியலில் இறுதியாக நிற்கும் எண் 6746328388800. அதாவது 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. இதற்கு 10080 வகுத்திகள் உள. அவற்றை ஒவ்வொன்றாய் எண்ண வேண்டுவதில்லை. இவ்வெண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால், 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறையும் வரும். முறைகளோடு ஒன்று கூட்டிப் பெருக்குக: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10080. பகா எண் பெரிதாக ஆக, அது வரும் முறை ஏறுவதில்லை என்பதைக் காண்க. இத்தகைய எண்கள் அனைத்திற்கும் இதுவே விதியென இராமானுஜன் நிறுவினார்.

ஆயினும் அப்பட்டியலில் இருக்க வேண்டிய ஓர் எண் இல்லை! 293318625600 என்பது அது, 5040 வகுத்திகளையுடையது. பின்வந்தோர் சரிபார்த்து இக்குறையைக் கண்டனர். வியப்பென்னவெனில், விடுபட்ட இவ்வெண்ணை 23-ஆல் பெருக்கினால் வருவது பட்டியலின் அந்த இறுதி எண்ணே. ஐயுறுவோர் தாளெடுத்துப் பெருக்கிப் பார்க்கலாம்.

இதனால் இராமானுஜனின் பெருமை குன்றிற்றா? இல்லை. அவர் நிறுவிய விதிகள் பட்டியலைச் சார்ந்து நிற்பவையல்ல. அவை அசையாது நிற்கின்றன. மேதை எழுதியதையும் சரிபார்ப்பது அவமதிப்பாகாது. அதுவே கணிதத்தின் ஒழுக்கம்.

கங்காணி காலத்தில், பிறர் எழுதிய கணக்கின் கீழ்ப் படியாமலே கைந்நாட்டு வைத்தோர் நம் முன்னோருள் எத்தனை பேர்! பற்று எவ்வளவு, வரவு எவ்வளவு என்று கேட்க அவர்களுக்கு எண் தெரியாது. பெரியவர் எழுதியது பிழையாகாது என்ற நம்பிக்கையே அவர்களைக் கடனில் வைத்தது. இன்று நம் பிள்ளைகளுக்குப் பெருக்கவும் வகுக்கவும் தெரியும். 5040 வகுத்திகளையுடைய எண்ணாயினும், ஐந்து வெள்ளிச் சம்பளச் சீட்டாயினும், நாமே போட்டுப் பார்த்த பின்னரே ஒப்புக்கொள்வோம்.