ஐயத்துக்கு ஒரு வழி: புத்தளக் கரையில் பொலிஸும் மக்களும், 2011–2023

2011 ஆகஸ்ட் மாதத்தின் பிற்பகுதி. நோன்பு காலம். உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் பெண்களைத் தாக்குவதாகச் சொல்லப்பட்ட 'கிறீஸ் பூதம்' பற்றிய அச்சம் மலையகம், கிழக்கு, வடக்கு என்று பரவிப் புத்தளத்தையும் எட்டியிருந்தது. சந்தேக நபர்களைத் துரத்திய கூட்டத்துக்கும் பொலிஸாருக்கும் இடையே மோதல் மூண்டது. போக்குவரத்துக் கடமையிலிருந்த பொலிஸ்காரர் ஒருவர் அந்தக் கூட்டத்தால் கொல்லப்பட்டார்.

எல்லாம் வதந்தி என்பதே அரசின் விளக்கமாக இருந்தது. வதந்தியை மட்டும் பார்த்தால் நிகழ்வின் பாதி நம் கண்ணில் படாது. கிண்ணியாவிலிருந்து யாழ்ப்பாணத்து நாவாந்துறை வரை மக்கள் சொன்ன கதைகளில் பூதம் ஒரு பாத்திரம்தான். துரத்தப்பட்டவன் எங்கே ஓடினான் என்பதில்தான் கதையின் அழுத்தம் இருந்தது. முகாமுக்குள் ஓடினான், பொலிஸுக்குள் மறைந்தான், பிடித்துக் கொடுத்தவனையும் விட்டுவிட்டார்கள் என்றார்கள். பூதத்தை நம்பியவர்களும் நம்பாதவர்களும் இந்த ஒன்றை நம்பினார்கள். விவசாயிகளின் கிளர்ச்சிகளை ஆராய்ந்த ரணஜித் குஹா 1983இல் வெளியான தமது நூலில், வதந்தியை அறியாமையின் அடையாளமாகக் கொள்ளாமல், அதிகாரத்தின் சொல் சென்று சேராத இடங்களில் மக்கள் தமக்குள் செய்தி கடத்தும் முறையாகக் கண்டார். புத்தளத்துக்கு அந்தப் பார்வை பொருந்தும். ஆனால் புத்தளத்தில் ஓர் உயிர் போயிருக்கிறது. சீருடை அணிந்திருந்தார் என்பதற்காக ஒரு மனிதர் அடிபட்டுச் சாவதை எந்த வரலாற்று விளக்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது. ஐயம் தவறான ஆளின் மேல் பாயும் என்பதற்கு அந்த மரணமே சாட்சி.

ஆகவே மக்கள் பொலிஸாரை ஏன் நம்புவதில்லை என்று வழக்கம்போலக் கேட்பதில் பயன் குறைவு. அந்த ஐயம் போய்ச் சேர முறையான இடம் ஏதாவது இருக்கிறதா என்பதே என் கேள்வி. நீதிமன்றத்தில் அப்படி ஓர் இடம் உண்டு. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, பொலிஸ் அலுவலரிடம் செய்த குற்ற ஒப்புதலைச் செய்தவருக்கு எதிராகச் சான்றாக்க முடியாது. மூடிய அறைக்குள் பொலிஸார் என்ன செய்வார்கள் என்பது குறித்துச் சட்டமே நூற்றாண்டுக்கு மேலாக ஐயுற்றுவருகிறது. அந்த ஐயத்தால் நாட்டின் அமைதி குலைந்ததாக யாரும் சொல்வதில்லை. நீதவான் ஐயப்பட்டால் நீதி, மீனவர் ஐயப்பட்டால் வதந்தி என்று பிரிப்பதற்கு நியாயம் கிடையாது.

கிறீஸ் பூத நாட்களுக்கு ஆறு மாதம் கழித்து, அதே மாவட்டத்தின் தெற்கே சிலாபம் கொதித்தது. 2012 பெப்ரவரியில் எரிபொருள் விலை ஏறியது. மண்ணெண்ணெய் லீற்றர் 71 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 106 ரூபா ஆனது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகைத் தள்ளுகிறவருக்கு அந்த 35 ரூபாதான் கடலுக்குப் போவதா, கரையிலேயே இருப்பதா என்பதைத் தீர்மானிக்கும். பெப்ரவரி 15ஆம் திகதி ஆர்ப்பாட்டத்தில் மீனவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று களத்தில் விசேட அதிரடிப்படையும் நின்றது.

இங்கே பூதமும் இல்லை, வதந்தியும் இல்லை. பட்டப்பகலில் பலர் கண்ட சாவு அது. ஆர்ப்பாட்டம் செய்தவர்களில் பெரும்பாலோர் சிங்களம் பேசும் கத்தோலிக்கர்கள். புத்தளத்து முஸ்லிம்களோடு மதத்தாலும் மொழியாலும் வேறுபட்ட அந்த மக்களும் அதே கேள்விகளைத்தான் கேட்டார்கள். சுடும்படி சொன்னது யார்? சுடுவதற்கு முன் வேறு வழி தேடினார்களா? தன் ஆட்களைப் பொலிஸே விசாரித்தால் உண்மை எப்படி வரும்? பொலிஸ் மீதான அவநம்பிக்கையைச் சிறுபான்மையினரின் மனக்குறையாக மட்டும் படிக்கிறவர்கள் சிலாபத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஆனாலும் மொழி என்ற ஒன்று புத்தளத்துக்குக் கூடுதல் சுமையாகிறது. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யப் போகிறவர் தமிழில் சொல்கிறார். எதிரே இருப்பவர் சிங்களத்தில் எழுதுகிறார். எழுதி முடித்ததும் கையெழுத்து. தான் சொன்னதுதான் அதில் இருக்கிறதா என்று சொன்னவருக்கே தெரியாது. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அடுத்த ஆண்டின் 16ஆம் திருத்தம், நிர்வாகம் சிங்களத்தில் நடக்கும் பகுதியிலும் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையைக் குடிமக்களுக்கு உறுதிசெய்தது. உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது. வாக்குமூலப் புத்தகம் மேசையில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் மொழி தெரிந்த ஓர் ஆள் தேவை.

பொலிஸ் மீதான அவநம்பிக்கையின் உச்சத்தை உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு கண்டோம். 2019 மே 13ஆம் திகதி, ஊரடங்கு அமுலில் இருக்கும்போதே நாத்தாண்டியாவை அடுத்த கொட்டாரமுல்லையில் முஸ்லிம் தச்சுத் தொழிலாளி ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். வீட்டுக்குள் இரு என்று ஆணையிட்டவர்களால் வீட்டைக் காக்க முடியவில்லை. மறு ஆண்டு, புத்தளத்து மத்ரசா ஒன்றில் படித்த சிறுவர்கள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்கள் தாக்கல் செய்தார்கள். புலனாய்வு அலுவலர்கள் தங்களை மிரட்டி, சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாவுக்கு எதிராகப் பொய் சொல்ல வைத்ததாக அவர்கள் முறையிட்டார்கள்.

அதே 2020 மே 16ஆம் திகதி மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம் கைதானார். புத்தளம் மாவட்டத்தில் ஆசிரியராக இருந்தவர் அவர். 2017இல் வெளியான 'நவரசம்' என்ற அவருடைய தமிழ்க் கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைப் பரப்புவதாகப் பொலிஸ் தரப்பு கருதியது. வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் அதில் இருந்தன. தமிழ் தெரிந்த எவரும் ஒரு மாலைப்பொழுதில் படித்து முடிக்கக்கூடிய நூலுக்காக அவர் 19 மாதங்கள் அடைபட்டுக் கிடந்தார். 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பர் 12ஆம் திகதி புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. தமிழாசிரியர் ஒருவருக்கு அரை நாள் வேலையாக முடிந்திருக்க வேண்டியதற்கு மூன்றரை ஆண்டுகள் போயின என்பதை எண்ணும்போது எனக்கு ஆறவில்லை.

இத்தகைய கைதுகளுக்குப் பயன்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அலுவலரிடம் தந்த ஒப்புதலைச் சான்றாக ஏற்க இடம்கொடுக்கிறது. 1895இன் சட்டம் காத்துவைத்த ஐயத்தை இது எடுத்தெறிந்துவிட்டது. அரசு ஐயப்படுவதை நிறுத்திய அதே அறையைப் பார்த்து மக்கள் ஐயப்படத் தொடங்கினார்கள். இந்த இரண்டையும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்று என்னால் கொள்ள முடியவில்லை.

முறையிட இடங்கள் இல்லாமல் இல்லை. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் சித்திரவதைக்கு ஏழு முதல் பத்து ஆண்டுவரை சிறை விதிக்கிறது. 1996 முதல் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குச் சட்டம் உண்டு. 2001இன் 17ஆம் திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு வழி செய்தது. ஆனால் மக்கள் பெயர்ப்பலகையைப் படித்து நம்பிக்கை கொள்வதில்லை, விளைவைப் பார்க்கிறார்கள். 2023 டிசம்பரில், 2010இல் நடந்த ஒரு சித்திரவதைக்கு, தீர்ப்பின்போது பதில் பொலிஸ் மா அதிபராக இருந்த தேசபந்து தென்னக்கோன் பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த பெப்ரவரியில் அவரே பொலிஸ் மா அதிபராக நியமிக்கப்பட்டார். 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியது. இதில் எதை வைத்து எடைபோடுவது? நீக்கத்தைக் கண்டு நிறுவனங்கள் வேலை செய்கின்றன என்று ஒருவர் சொல்லலாம். நியமனத்தைக் கண்டவர் அதற்கு நேர்மாறாகச் சொல்வார். அவரைக் குறைகூற முடியாது.

தத்துவவாதி ஒனோரா ஓநீல் 2002இல் பிபிசி வானொலியில் ஆற்றிய ரீத் உரைகளில், நம்பிக்கையைக் கூட்டுவது எப்படி என்று தேடுவதைவிட, நம்பத் தகுந்தவரையும் தகாதவரையும் பிரித்தறிய வகைசெய்வதே முக்கியம் என்ற திசையில் வாதிட்டார். பொலிஸாரின் நடமாடும் சேவை, விளையாட்டுப் போட்டி, பாடசாலைக் கருத்தரங்கு ஆகியவை நல்லவையே. ஆனால் அவை பிரித்தறிய உதவமாட்டா. இங்கிலாந்தில் 1989இல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் 97 பேரைப் பலிகொடுத்த லிவர்பூல் மக்களை யாரும் கருத்தரங்கால் சமாதானப்படுத்தவில்லை. பொலிஸாரின் 164 வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்ததை 2012இல் சுயாதீனக் குழு ஒன்று ஆவணங்களோடு வெளியிட்டது. ஊர் சந்தேகித்தது சரிதான் என்று அந்த ஆவணங்கள் காட்டின.

புத்தளக் கரைக்கும் அப்படி ஆவணங்களே தேவை. வாக்குமூலம் சொன்னவரின் மொழியில் எழுதப்பட வேண்டும். அதன் படி ஒன்று அன்றே அவர் கையில் இருக்க வேண்டும். துப்பாக்கிச் சூட்டில் உயிர் போனால், பொலிஸைச் சாராதவர்கள் விசாரித்து, முடிவை இரு மொழியிலும் அச்சிட்டு, மீனவர் சங்கத்துக்கும் பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் அனுப்ப வேண்டும். கூட்டத்தின் கையில் செத்த பொலிஸ்காரரின் கதையும் அதே அச்சில், அதே விரிவோடு வர வேண்டும். அவருடைய வீட்டாரும் ஒரு பொலிஸ் நிலையத்திடம்தான் விடை கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது.