ஸித்தி

எமது பாடசாலையின் வரவு இடாப்பில் ஸித்தி பாத்திமா, ஸித்தி ஸுபைதா என்ற பெயர்கள் ஒரு காலத்தில் நிறைந்திருந்தன. இன்று அவை அருகிவிட்டன. எஞ்சியவையும் 'எஸ்.' என்ற முதலெழுத்தாகச் சுருங்கியுள்ளன. "சேர், ஸித்தி எண்டா சாச்சிதானே?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

தமிழில் சித்தி, தாயின் தங்கை. இந்த ஸித்தி வேறு. 'ஸெய்யிததீ' என்ற அறபுச் சொல்லின் பேச்சுவழக்குச் சுருக்கம் இது. 'என் சீமாட்டி' என்பது பொருள். அரண்மனைப் பெண்கள் தாங்கிய கௌரவச் சொல் 'ஸித்'. 1021இல் கலீபா அல்-ஹாகிம் காணாமற் போனபின், 1023இல் தாம் மரணிக்கும்வரை கெய்ரோவில் பாத்திமிய ஆட்சியை நடத்தியவர் அவரது சகோதரி ஸித்துல் முல்க். ஸலாஹுத்தீன் ஐயூபியின் சகோதரி ஸித்துஷ் ஷாம் திமிஷ்கில் மத்ரஸா நிறுவினார், 1220இல் மறைந்தார். பலஸ்தீனத்தில் பேரப்பிள்ளைகள் மூதாட்டியை 'ஸித்தீ' என்றே அழைக்கின்றனர். மலாய் மக்களிடம் அது சாதாரணப் பெண்களின் பெயராயிற்று, எம்மிடமும் அவ்வாறே.

இன்னாரின் மகள், இன்னாரின் உம்மா என்றே பெண்கள் அறியப்பட்ட ஊர்களில், கூலித் தொழிலாளியான வாப்பாவும் தன் மகளுக்கு அந்தச் சொல்லைச் சூட்டினார். அவளைப் பெயர் சொல்லி அழைப்பவர் எவராயினும், தம்மையறியாமலே 'என் சீமாட்டி' என்றுதான் தொடங்கவேண்டியிருந்தது. இடாப்பு வாசிக்கும் ஆசிரியரும் அதற்கு விலக்கல்ல.

அந்த மரியாதையைத்தான் ஓர் எழுத்தாக்கிவிட்டோம். மறுநாள் காலை, முதலெழுத்தை விட்டு முழுப் பெயரையே வாசித்தேன்.