நாட்பட்ட இருமலும் அபினிவழி மருந்துகளும்: கால அளவு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஹெராயின் முதலில் இருமல் மருந்தாக விற்கப்பட்டது என்பது இன்று வியப்புச் செய்தியாகவே எடுத்துரைக்கப்படுகிறது. 1898இல் அதில் வியப்பேதும் இல்லை. காசநோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லாத காலம் அது. மாதக்கணக்கில் இருமி உறக்கமிழந்த நோயாளிக்கு மருத்துவர் பெரிதும் நம்பியவை அபினியும், அதிலிருந்து பிரித்தெடுத்த மார்ஃபினும் கோடீனுமே. மார்ஃபின் அடிமைப்படுத்தும் என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. 1832இல் பிரெஞ்சு வேதியியலாளர் ரோபிக்கே பிரித்தெடுத்த கோடீனோ ஆற்றல் குறைந்தது. ஆற்றல் மிக்கதும் அடிமைப்படுத்தாததுமான ஒன்று தேடப்பட்டது.

டைஅசிட்டைல்மார்ஃபினை ஆல்டர் ரைட் 1874இலேயே இலண்டனில் உருவாக்கியிருந்தார். 1897இல் பேயர் நிறுவனத்தின் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் எல்பர்ஃபெல்டில் அதனை மீண்டும் உருவாக்க, மருந்தியலாளர் ஹைன்ரிக் டிரேசர் சோதித்தார். அச்சோதனைகளில் முதன்மை பெற்றது மூச்சின் வேகமும் ஆழமும். இருமலை எண்ணிப் பதியும் கருவி அன்றில்லை. அதைவிட முக்கியமானது கால அளவு: அடிமைத்தனம் தொடர்ந்த பயன்பாட்டில் உருவாவது; குறுகிய சோதனையில் அது புலப்படாது. மருந்து தேவைப்பட்டவர்களோ நெடுங்காலம் இருமியவர்கள். சோதனையின் காலமும் நோயின் காலமும் பொருந்தாமையே இவ்வரலாற்றின் மையம் எனக் கருதுகிறேன். 1924இல் அமெரிக்கா ஹெராயின் உற்பத்தியைத் தடைசெய்தது.

ஹெராயின் மீது விழுந்த பழி ஒருவகையில் கோடீனைக் காத்தது எனலாம். மென்மையானது என்ற பெயரோடு அது நீடித்தது. கல்லீரலில் அதன் ஒரு பகுதி மார்ஃபினாகவே மாறுகிறது. மாறும் வேகம் மரபணுவுக்கேற்ப வேறுபடும். குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் நேரும் இடர் கருதி, 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் 12 வயதுக்குட்பட்டோருக்கும், 2018இல் அமெரிக்கா 18 வயதுக்குட்பட்டோருக்கும் கோடீன் இருமல் மருந்துகளை விலக்கின.

பயன் குறித்த வினா ஒலிப்பதிவுக் கருவிகளால் கூர்மை பெற்றது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுற்ற 21 பேரிடம் இங்கிலாந்தில் நிகழ்ந்து 2006இல் வெளியான ஆய்வில், கோடீன் இருமலைக் குறைப்பதில் மருந்துப்போலியை விஞ்சவில்லை. மறுஆண்டு ஹல் நகர ஆய்வு வேறு முடிவு தந்தது. பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாத இருமலுடைய 27 பேருக்கு, மெதுவாகக் கரையும் மார்ஃபின் 5 மில்லிகிராம் நாளுக்கு இருமுறை தரப்பட்டது. அவர்களே குறித்த இருமல் மதிப்பெண் 40 விழுக்காடு குறைந்தது. ஆனால் சிட்ரிக் அமிலத்தை நுகரச்செய்து தூண்டிய இருமல் மாறவில்லை. எனவே, குறைந்தது இருமல் அனிச்சைதானா, அதனை உணரும் விதமா என்னும் ஐயம் எஞ்சுகிறது. மருந்துப்போலியோடு ஒப்பிட்ட காலம் நான்கு வாரம். அந்நோயாளிகளின் இருமல் அதற்கு நெடுநாள் முன்பே தொடங்கியிருந்தது.