ஊவாத் தோட்டங்களின் லயமும் அதன் முடிவுறாத் திருத்தமும்

"வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார்" என்பது தமிழரிடையே வழங்கும் பழமொழி. வீடு கட்டுவதன் இடர்ப்பாட்டை உணர்த்துவதே அதன் நோக்கம். ஆயினும் கட்டி முடித்த பின்னரும் வீடு ஓய்வு தருவதில்லை என்பதை வீட்டுக்காரர் அனைவரும் அறிவர். ஓடு மாற்றல், சுவர் பூசல், அறை கூட்டல், மதில் எழுப்பல் என வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்கின்றன. இத்தொடர்ச்சியில் வீட்டுக்காரருக்கு ஓர் ஆறுதலும் உண்டு. செலவிட்ட பணம் வீட்டின் பெறுமதியாகச் சேர்கின்றது. வீடு பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்கின்றது. தேவை வரும்போது ஈடுவைத்துக் கடன் பெறவும் உதவுகின்றது. கட்டுபவரே வீட்டுக்கு உரியவர் என்ற அனுமானம் இப்பழமொழியின் அடியில் உள்ளது.

இவ்வனுமானம் பொருந்தாத வீடு ஒன்று ஊவா மாகாணத்தின் பெருந்தோட்டங்களில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நின்று வருகின்றது. அதுவே லயம். பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகலை, அப்புத்தளை, பண்டாரவளை ஆகிய பகுதிகளில் மலைச்சரிவெங்கும் காணப்படும் இந்நீண்ட கட்டடத்தைக் கம்பனி திருத்தியது, அரசு திருத்தியது, இருவரையும்விட அதிகமாக அதில் குடியிருந்தோர் திருத்தினர். இத்தனை திருத்தங்களின் பின்னும் அது குடியிருப்போரின் வீடாகவில்லை. அதற்கான காரணத்தை லயத்தின் வரலாற்றிலேயே காணலாம்.

நிலத்துக்கு உறுதி, குடிலுக்கு இல்லை

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காட்டு நிலங்களும் தரிசு நிலங்களும் முடிக்குரியவை எனக் கொள்ள வழிவகுத்தது. அவ்வாறு முடிக்குரியவையான நிலங்கள் தொடக்கத்தில் ஏக்கர் ஒன்று ஐந்து சிலிங் என்ற அளவில் விற்கப்பட்டன. தோட்டக்காரர் வாங்கிய நிலத்துக்கு எல்லை அளக்கப்பட்டது, வரைபடம் கீறப்பட்டது, உறுதி எழுதப்பட்டது. அந்நிலத்தைக் காடு வெட்டிப் பண்படுத்தத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்க்கு எழுதப்பட்டதெல்லாம் கங்காணியின் கணக்கில் ஏறிய கடன் மட்டுமே.

கோப்பிக் காலத்தில் இத்தொழிலாளர் பெரும்பாலும் பருவத்துக்கு வந்து திரும்புவோராக இருந்தனர். கோப்பிப் பழம் பறிக்கும் மாதங்களுக்கே கூடுதலான ஆட்கள் வேண்டப்பட்டனர். எனவே அவர்களுக்கு நிலையான வீடு தேவையெனத் தோட்டக்காரர் கருதவில்லை. கம்பு நட்டு மண் அப்பி, புல் வேய்ந்த குடில்களே போதுமானவையாகக் கொள்ளப்பட்டன. சில மாதம் தங்குபவர்க்குச் சில மாதம் நிற்கும் கூரை என்பதே அக்காலக் கணக்கு.

தேயிலையும் லயமும்

1869இல் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைத் துருநோய் முதன்முதல் அவதானிக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பிப் பொருளாதாரம் நிலைகுலைந்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1886இல் ஊவா தனி மாகாணமாக்கப்பட்டது. 1890இல் இலங்கை வந்த தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். புகையிரதப் பாதை 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் அடைந்தது.

இம்மாற்றம் குடியிருப்பின் தன்மையையும் மாற்றியது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்படுவது. அதற்கு ஆணும் பெண்ணும் பிள்ளையுமாகக் குடும்பம் முழுவதும் தோட்டத்திலேயே தங்கியிருக்க வேண்டும். அத்தேவையின் விளைவாகவே லயம் பரவியது. கல்லாலோ மண்ணாலோ எழுப்பிய சுவர், தகரக் கூரை, வரிசையாக அடுக்கிய காம்பராக்கள், முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு என்பன அதன் அமைப்பு. முதுகோடு முதுகு சேர்ந்த இரு வரிசைகள் கொண்ட இரட்டை லயங்களில் பின்புறம் காற்று வருவதற்கும் வழியில்லை. காம்பரா ஒன்று ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. சமையல், உறக்கம், பேறுகாலம், நோய், சாவு யாவும் அதனுள்ளேயே நிகழ்ந்தன.

லயம் வீடு என்ற எண்ணத்தில் கட்டப்படவில்லை என்பது இங்கு கவனிக்கத்தக்கது. பிரட்டுக்களமும் தேயிலைத் தொழிற்சாலையும் தோட்டத்துக்கு எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியமான தொழில் உபகரணமாகவே அது கருதப்பட்டது. உபகரணம் பழுதடைந்தால் வேலை கெடும் என்ற அளவுக்கே அதன் திருத்தமும் கவனிக்கப்பட்டது.

சட்டங்களும் சுண்ணாம்பும்

கம்பனிகளைத் திருத்த வேலைக்கு இட்டுச்சென்ற முதற் காரணம் நோய். தொழிலாளரிடையே மரணவீதம் உயர்ந்திருந்தமை குடியேற்றவாத அரசுக்கும் கவலை தந்தது. 1912இல் நிறைவேறிய மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும் தொழிலாளர் நோய்கள் கட்டளைச் சட்டமும் தோட்டங்களின் மருத்துவ வசதிக்கும் சுகாதாரத்துக்கும் தோட்டத்துரைமாரைப் பொறுப்பாக்கின. 1916இல் ரொக்பெல்லர் மன்றத்தின் துணையோடு கொளுக்கிப் புழு ஒழிப்பு வேலை மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கியது. அதன் பின்னர் மலசலகூடம் அமைத்தல் தோட்டங்களின் வேலைத்திட்டத்தில் இடம்பெறலாயிற்று. லயங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது, வடிகான் வெட்டப்பட்டது, குடிநீருக்குப் பீலி அமைக்கப்பட்டது.

இவை பயனற்றவை எனக் கூறல் பொருந்தாது. பல உயிர்களை இவை காத்தன. ஆனால் இச்சட்டங்கள் லயத்தின் தூய்மையைப் பற்றிப் பேசினவேயன்றி, அதில் வாழ்பவரின் உரிமையைப் பற்றிப் பேசவில்லை. துண்டு முறை 1921இல் தடைசெய்யப்பட்டது. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1927இல் வந்தது. எனினும் வேலை இருந்தாற் காம்பரா, வேலை போனால் வெளியேற்றம் என்ற நியதி மாறவில்லை. துரை கொடுக்கும் பற்றுச்சீட்டு வேலையை மட்டும் பறிப்பதன்று. தலைக்கு மேலிருந்த கூரையையும் அதுவே பறித்தது.

இந்நியதியின் கடுமை ஊவாவுக்கு வெளியே, கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மயர் தோட்டத்தில், 1946இல் நாடறிய வெளிப்பட்டது. கிராம விஸ்தரிப்புக்கென அரசு அத்தோட்ட நிலத்தைச் சுவீகரித்தது. அங்கு நெடுங்காலம் வாழ்ந்த தொழிலாளருக்கு வெளியேறுமாறு அறிவித்தல் கொடுக்கப்பட்டது. மறுத்தோர்மீது அத்துமீறிப் பிரவேசித்த குற்றம் சாட்டப்பட்டது. தாம் வாழ்ந்த இடத்திலேயே அவர்கள் அத்துமீறியோராயினர். அதனை எதிர்த்துத் தோட்டத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். இரண்டாண்டுகளின் பின், 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இன் உடன்பாடு சமமாகப் பிரித்தது. எந்நாட்டில் வாழப்போகின்றோம் என்று தெரியாதவர் எந்தச் சுவரை நம்பிப் பூசுவது என்ற வினா அக்காலத்தில் ஒவ்வொரு லயத்திலும் இருந்தது.

குடியிருந்தோர் செய்தவை

ஆயினும் அவர்கள் பூசினர். லயத்தின் வரலாற்றில் ஏடுகளில் மிகக் குறைவாக இடம்பெற்ற பகுதி இதுவேயாகும்.

ஊவாவின் காலநிலையே திருத்த வேலைக்கு அட்டவணை வகுத்தது. ஆடி, ஆவணி மாதங்களில் வரண்ட கச்சான் காற்று மலையிடுக்குகளில் வேகமாக வீசுகின்றது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மணத்தைப் பெற்றுத்தருவது அக்காற்றே. லயத்தின் தகரத்தைக் கிளப்புவதும் அதுவே. அதனாற் கூரைமீது கற்களையும் பாரங்களையும் ஏற்றி வைப்பர். ஐப்பசியிலிருந்து மழை பெருகும்போது ஆணித் துளைகளில் ஒழுக்குத் தொடங்கும். அவற்றைத் தார் பூசி அடைப்பர். தீபாவளிக்கு முற்பணம் கிடைத்தவுடன் துணியோடு சுண்ணாம்பும் வாங்கப்படும். தைப்பொங்கலுக்கு முன் தரை மீண்டும் சாணத்தால் மெழுகப்படும். அடுத்த ஆடியில் மறுபடியும் கச்சான் வரும்.

குடும்பம் பெருகியபோது காம்பராவும் பெருக வேண்டியதாயிற்று. இஸ்தோப்பை அடைத்து மகனுக்கும் மருமகளுக்கும் அறையாக்கினர். பின்புறம் தகரச் சாய்ப்பு இறக்கிக் குசினி அமைத்தனர். வரிசையின் கடைக்கோடியில் இருந்தோர் பக்கவாட்டிலும் சிறிது நீட்டிக் கொண்டனர். மண் தரை சிமெந்துத் தரையாயிற்று. இதற்கான பணம் சீட்டுப் பிடித்தும், கொழும்புக்கு வேலைக்குச் சென்ற பிள்ளைகளாலும், 1980களின் பின் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகச் சென்ற தாய்மாராலும் வந்தது. மெழுகுதல், பூசுதல், மண் சுமத்தல் என்பவற்றிற் பெரும்பங்கைக் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த பின் பெண்களே செய்தனர்.

இவ்வுழைப்புக்குச் சட்டத்தில் பெயரில்லை. நிர்வாகத்தின் அனுமதியின்றி இறக்கிய சாய்ப்பு எந்நாளிலும் பிரிக்கப்படக்கூடியது. பூசிய சுவரை ஈடுவைக்க முடியாது, விற்க முடியாது, பிள்ளைக்கு எழுதி வைக்க முடியாது. கிராமத்தில் ஒருவர் செய்யும் திருத்தம் சொத்தாகச் சேர, லயத்தில் அதே வேலை செலவாகவே கரைந்தது.

கைமாறிய தோட்டங்கள்

1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975இன் திருத்தச் சட்டமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. உடைமையாளர் மாறினார், காம்பராவின் நியதி மாறவில்லை. 1984இல் தொடங்கிய பத்து லட்சம் வீட்டுத் திட்டம் கிராமத்து மக்களுக்குச் சிறு கடன் கொடுத்து, தத்தம் வீட்டைத் தாமே கட்டவும் திருத்தவும் ஊக்கமளித்தது. தோட்டத்திலோ காணியும் கட்டடமும் நிர்வாகத்தின் கையில் இருந்தமையால், வீடமைப்பும் நிர்வாகத்தின் பொறுப்பாகவே விடப்பட்டது. 1987இன் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. அத்தடை நீங்கியது 2018இலேயே.

1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டில் தோட்ட வீடமைப்புக்கும் சமூகநலத்துக்குமென ஒரு நிதியமும் அமைக்கப்பட்டது. அதன்பின் கூரை மாற்றல், மலசலகூடம் அமைத்தல், தனி வீடு கட்டல் ஆகிய திட்டங்கள் தொடர்ந்தன. வீட்டுக் கடனைச் சம்பளத்திலிருந்து தவணையாகக் கட்டிய குடும்பங்கள் பலவற்றுக்குக் காணி உறுதி கிடைக்கவில்லை. தகரம் புதிதாயிற்று, அதன் கீழிருந்த நிலம் எவருடையது என்பது பழையபடியே இருந்தது.

மண்ணின் தீர்ப்பு

திருத்தத்தால் தீராத குறை ஒன்றுண்டு; அது இடத்தின் குறை. தேயிலைக்கு ஏற்ற நிலம் தேயிலைக்கே ஒதுக்கப்பட்டது. எஞ்சிய இடத்தில் லயம் அமைந்தது. எங்கே குடியிருப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை தொழிலாளர்க்கு என்றும் இருந்ததில்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. வெளியேறியிருக்கலாமே எனக் கூறல் எளிது. மாற்று நிலமின்றி எங்கு வெளியேறுவது என்பதற்கு எச்சரிக்கையில் விடையில்லை. பாதிக்கப்பட்டோருக்கான 75 வீடுகள் மக்கல்தெனியவில் 2016இல் கையளிக்கப்பட்டன. 2023 மார்ச்சில் பூணாகலை, கபரகலையில் மீண்டும் மண் சரிந்து லயங்களைச் சிதைத்தது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. பல தலைமுறை பூசிய சுவரையும், வெளிநாட்டுப் பணத்தில் இட்ட சிமெந்துத் தரையையும் ஒரு காலைப் பொழுது அழித்துவிட்டால், அவற்றைத் தம் சொத்தென நிரூபிக்கும் ஆவணம் குடியிருந்தோரிடம் இல்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். நோய் பரவியபோது கம்பனி சுண்ணாம்பு அடித்தது. அரசியல் நெருக்கடி வந்தபோது அரசு கூரை கொடுத்தது. குடும்பம் பெருகியபோது குடியிருந்தோர் சாய்ப்பு இறக்கினர். ஒவ்வொரு திருத்தமும் அவ்வவ் வேளைக்கு அவசியமானது. ஆனால் உரிமை என்ற ஒன்று ஒத்திவைக்கப்பட்டே வந்தமையால், எந்தத் திருத்தமும் அடுத்ததற்கு அடித்தளமாகவில்லை. லயத்தின் திருத்தம் முடிவுறாமைக்குத் தகரத்தின் துருவினும் இதுவே பெருங் காரணம்.

அண்மைக் காலத்தில் இந்நிலை சிறிது அசைந்துள்ளது. குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி என்ற அளவிலான தனிவீட்டுத் திட்டங்கள் தொடங்கப்பட்டன. 2017இல் இந்தியப் பிரதமர் மலையகம் வந்தபோது மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அத்திட்டத்தின்கீழ் 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் 2,000 பயனாளிகளுக்கு வீட்டுரிமை ஆவணங்கள் வழங்கப்பட்டன. லயங்களில் வாழும் தொகையோடு ஒப்பிட இது சிறிது. கையில் ஆவணம் பெற்றவருக்கு வீடு எழுவதும், எழும் வீடு உறுதியான நிலத்தில் எழுவதும் இனிக் கவனிக்கப்பட வேண்டியவை.

அவ்வீடுகளிலும் வேலை ஓயப்போவதில்லை. கச்சான் வீசும், ஐப்பசி மழை பெய்யும், பிள்ளைகள் வளர்ந்தால் அறை கூட்ட வேண்டும். ஆனால் அங்கு பூசப்படும் சுவர், பூசியவரின் பெயரில் நிற்கும். அவர் பிள்ளைகளுக்கும் சேரும். எஞ்சிய லயங்களில் வாழ்வோரும் அந்நிலையை அடைய, இனி வரும் திட்டங்கள் கூரையிலிருந்து தொடங்காமற் காணி உறுதியிலிருந்து தொடங்க வேண்டும்.