விலகல் வாக்குகளும் பாலாற்றுத் தோல் வட்டாரமும்: 1973 முதல் 2025 வரை

2016 ஜூன் 23 அன்று பிரிட்டன் வாக்காளர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதென்று முடிவெடுத்தார்கள். வெளியேற்றத்துக்கு ஆதரவு 51.9 சதவீதம், எதிர்ப்பு 48.1 சதவீதம். மறுநாள் பவுண்டு, டாலருக்கு எதிராக முப்பது ஆண்டுகளில் காணாத அளவுக்குச் சரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் வட்டாரத்துக்கு அது வெறும் அயல்நாட்டுச் செய்தியாக இருக்கவில்லை. இந்தியத் தோல், காலணி ஏற்றுமதியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கை வாங்கிவந்த நாடு பிரிட்டன். அந்த ஏற்றுமதியில் தமிழ்நாட்டின் பங்கு சுமார் 40 சதவீதம். அதன் பெரும்பகுதி இந்த வட்டாரத்திலிருந்து போவது. ஆகவே ஏற்றுமதியாளர்கள் உடனே கவலை தெரிவித்தார்கள். அந்தக் கவலையை ஒருநாள் அதிர்ச்சியாக மட்டும் படித்தால் அதன் பொருள் பாதிதான் விளங்கும். நாடுகளின் ஒன்றியம் ஒன்றில் நிகழ்ந்த மாற்றம் இந்த வட்டாரத்தைத் தொட்டது அது மூன்றாவது முறை. பழைய ஏற்பாடு முறிந்து புது ஒப்பந்தம் வரும்வரையுள்ள இடைக்காலம்தான் ஒவ்வொரு முறையும் இங்கே இலாப நட்டத்தைத் தீர்மானித்திருக்கிறது. வாக்கு நாளின் பங்கு அதில் சிறியது. அந்த இடைக்காலத்தின் சுமையை யார் சுமந்தார்கள் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

பிரிட்டனோடு இந்த ஊர்களுக்கு இருந்த உறவு ஷூ கம்பெனிகள் வருவதற்கு மிக முந்தையது. ஆவாரம் பட்டையிட்டுப் பதனிட்ட தென்னிந்தியத் தோல், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஈ.ஐ. (கிழக்கிந்திய) தோல் என்ற பெயரில் லண்டன் ஏலங்களில் விற்பனையானது. முதல் உலகப் போரின்போது இந்த மாட்டுத்தோலை அரசே கட்டுப்பாட்டில் எடுத்துப் படைவீரர்களின் பூட்ஸுக்காகக் கப்பலேற்றியது. போர் முடிந்ததும் 1919இல் பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி விதித்தார்கள். பேரரசுக்குள் பதனிடப்படும் தோலுக்கு மட்டும் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பக் கிடைக்கும். உலக வணிகத்தில் ஓர் அரசியல் கூட்டுக்குள் இருப்பவருக்கு ஒரு விலை, வெளியில் இருப்பவருக்கு இன்னொரு விலை என்ற நியதியை இங்குள்ள தோல் வணிகர்கள் அப்போதே அனுபவத்தில் அறிந்துகொண்டார்கள். 1932இல் ஓட்டாவா ஒப்பந்தம் பேரரசுச் சலுகையை உறுதிப்படுத்தியது. 1947இல் ஆட்சி போன பிறகும் காமன்வெல்த் சலுகை என்ற வடிவில் அதன் மிச்சம் தொடர்ந்தது.

அந்த மிச்சத்துக்கு முடிவு கட்டியது 1973 ஜனவரி 1. அன்று பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. 1975இல் நடந்த வாக்கெடுப்பில் 67 சதவீதம் பேர் அந்த முடிவுக்கு ஒப்புதல் தந்தார்கள். பிரிட்டன் ஓர் ஒன்றியத்தில் நுழைந்ததே இந்தியாவைப் பொறுத்தவரை இன்னொரு கூட்டிலிருந்து வெளியேறியதற்குச் சமம். இந்தியப் பொருள்கள் படிப்படியாக ஐரோப்பாவின் பொதுவான வரிச்சுவருக்கு வெளியே நின்றன. அதே 1973இல்தான் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி மத்திய அரசு அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு அளவுக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. முழுமையாக முடித்த தோலையும் செருப்பு, ஷூ, அப்பர் (ஷூவின் மேல்பகுதி) போன்ற பொருள்களையும்தான் இனி அனுப்ப வேண்டும் என்பது கொள்கை. இவ்விரண்டும் ஒரே ஆண்டில் நேர்ந்தது தற்செயல்தான் என்று ஒருவர் வாதிடலாம். காரணம் என்று பார்த்தால் அது சரி. டெல்லியின் முடிவு பிரஸ்ஸல்ஸைப் பார்த்து எடுக்கப்பட்டதல்ல. விளைவு என்று பார்க்கும்போது இரண்டையும் பிரிக்க முடியாது. பழைய சந்தையின் சலுகை தேயத் தொடங்கிய காலத்திலேயே, பழைய சரக்கை விட்டுப் புதுச் சரக்குக்கு மாறும்படி அரசு தள்ளியது. சென்னை அடையாற்றில் 1948இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அந்த மாற்றத்துக்கு நுட்ப வலு தந்தது. ஆம்பூர் ஷூ ஊராக மாறிய கதை அங்கே தொடங்குகிறது. முதல் இடைக்காலம் நல்லபடியாகக் கடந்ததற்குக் காரணம், சந்தை மாறிய நேரத்தில் இங்கே ஒரு தொழிற்கொள்கை இருந்ததுதான்.

இரண்டாவது அனுபவம் இன்னும் கடுமையானது. இன்று ஏறக்குறைய மறக்கப்பட்டது. எண்பதுகளில் இந்தியத் தோல்பொருள்களை, குறிப்பாக ஷூ அப்பர்களை, பெருமளவில் வாங்கியது சோவியத் ஒன்றியம். வணிகம் ரூபாயில் நடந்தது. அன்னியச் செலாவணிக் கவலை கிடையாது. அரசு நிறுவனங்கள் மொத்தமாக ஆர்டர் கொடுத்தன. 1991 மார்ச் 17 அன்று அங்கே நடந்த வாக்கெடுப்பில், ஆறு குடியரசுகள் விலகி நின்றபோதும், வாக்களித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒன்றியம் நீடிக்க வேண்டும் என்றார்கள். ஒன்பதே மாதங்களில், டிசம்பர் 1 அன்று, உக்ரைனில் வாக்களித்தோரில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் தனிநாடு வேண்டும் என்றார்கள். அந்த மாத இறுதிக்குள் சோவியத் ஒன்றியமே இல்லை. ரூபாய் வணிகத்தின் கணக்கு வழக்கு 1993 ஜனவரியில் ரஷ்ய அதிபர் யெல்ட்சின் டெல்லி வந்தபோதுதான் ஒப்பந்தமாகித் தீர்ந்தது. இடையில் கழிந்த மாதங்களில் ரூபாய்ச் சந்தையையே நம்பியிருந்தவர்கள் புது வாடிக்கையாளரைத் தேட வேண்டியிருந்தது. வட்டாரம் மேற்கு ஐரோப்பாவை நோக்கித் திரும்பியது. அந்தத் திருப்பத்துக்குக் கைகொடுத்தது 1991 ஜூலையில் நடந்த ரூபாய் மதிப்புக் குறைப்பு. நம் பணத்தின் மதிப்பு இறங்கியதால் ஜெர்மனிக்காரருக்கும் பிரிட்டன்காரருக்கும் ஆம்பூர் ஷூ மலிவாயிற்று.

2016இல் நடந்தது இதற்கு நேர் எதிர். இந்த முறை விழுந்தது வாங்குபவரின் பணம். வாக்கெடுப்பு நாளில் ஒரு பவுண்டுக்குச் சுமார் 100 ரூபாய். அக்டோபரில் சுமார் 82 ரூபாய். ஓர் எடுத்துக்காட்டாக, 20 பவுண்டுக்கு ஒத்துக்கொண்ட ஒரு ஜோடி ஷூவை எடுத்துக்கொள்வோம். ஜூனில் அதற்கு 2,000 ரூபாய் கிடைத்திருக்கும். நான்கு மாதம் கழித்து 1,640 ரூபாய்தான். ஷூ வணிகத்தில் விலை பேசுவது ஒரு சீசன் முன்னதாக. தோல் வாங்கி, வெட்டி, தைத்து, ஷிப்மென்ட் போவதற்குள் பல மாதங்கள் ஓடிவிடும். பவுண்டில் பில் போட்டவருக்கு அந்த 360 ரூபாய் நேரடி நட்டம். டாலரில் பில் போட்டவர் தப்பித்தார் என்றும் சொல்ல முடியாது. பிரிட்டனில் கடை வைத்திருப்பவருக்கு அதே ஷூ விலையேறியிருக்கும். அவர் அடுத்த சீசனுக்கு விலையைக் குறைக்கச் சொல்வார், அல்லது எண்ணிக்கையைக் குறைப்பார். எந்த நாணயத்தில் எழுதினாலும் சுமை ஆம்பூரை நோக்கித்தான் நகரும். பெரிய கம்பெனிகள் வங்கியில் முன்கூட்டியே நாணய விகிதத்தைப் பூட்டிவைத்துக்கொள்ள முடியும். அவர்களிடம் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் சிறு பட்டறைகளுக்கு அந்த வசதி கிடையாது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. இந்தியத் தோல் ஏற்றுமதி 2014-15இல் சுமார் 649 கோடி டாலர். 2015-16இல் 586 கோடி. 2016-17இல் 566 கோடி. 2017-18இல் 574 கோடி. பெரிய சரிவு வாக்கெடுப்புக்கு முந்தைய நிதியாண்டிலேயே நடந்துவிட்டது. வாக்கெடுப்புக்குப் பின் வந்த ஆண்டில் குறைந்தது வெறும் 20 கோடி. போதாக்குறைக்கு 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமற்போயின. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. அப்படியிருக்க, பிரிட்டன் வெளியேற்றத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் எதற்கு? மறுப்பின் முதற்பாதி உண்மை. பிரிட்டன் வாக்கெடுப்பால் தோல் தொழில் சரிந்தது என்று எழுதுபவர்கள் இந்த எண்களைப் பார்க்கவில்லை. ஆனால் மொத்த ஏற்றுமதித் தொகை மாறாமல் நிற்பதால் உள்ளே எதுவும் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. விலை குறைக்கப்பட்டும், இலாபம் சுருங்கியும், கூலி உயராமல் நின்றும்கூட அதே தொகையைக் காட்ட முடியும். ஏற்கெனவே இளைத்திருந்த தொழில் மீது வந்து விழுந்த சுமை என்பதால்தான் 2016ஐ நான் தனித்துக் கவனிக்கிறேன்.

எதிர்வினை என்று நமக்குப் பதிவாகியிருப்பது யாருடையது என்பதும் கவனிக்கத்தக்கது. நாளிதழ்களில் வந்தவை ஏற்றுமதியாளர்களின், அவர்களுடைய அமைப்புகளின் கருத்துகள். பிரிட்டன் பக்கம் பார்த்தால் நிலைமை வேறு. பூட்ஸ் தொழிலுக்குப் பேர்பெற்ற, போர்க்காலத்தில் படைக்கு ஷூ தைத்துக் கொடுத்த நார்தாம்ப்டன் நகரத்தில் 58 சதவீதத்துக்கும் மேல் வெளியேறவே வாக்களித்தார்கள். இறக்குமதி ஷூக்களால் பட்டறைகளை இழந்த ஊர் அது. அவர்களின் கோபத்துக்கு ஒரு வாக்குச்சீட்டு இருந்தது. சரியோ தவறோ, அது எண்ணப்பட்டது. அந்த வாக்கின் விளைவைச் சுமக்க வேண்டிய மாதனூர், பேரணாம்பட்டு, குடியாத்தம் கிராமங்களின் பெண்களுக்கு அப்படியொரு வழி இல்லை. விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறுகிறவர்களும், வீட்டுத் திண்ணையில் அப்பருக்குக் கைத்தையல் போட்டு ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களும் என்ன இழந்தார்கள் என்பது ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தில் வராது. வீட்டில் தைப்பவருக்கு ஆர்டர் குறைவது வேலைநீக்கமாகப் பதிவாவதில்லை. கட்டு கொண்டுவருபவர் அந்த வாரம் வரமாட்டார், அவ்வளவுதான். நார்தாம்ப்டனின் தொழிலாளியும் ஆம்பூரின் தொழிலாளியும் ஒரே சங்கிலியின் இரு முனைகள். ஒருவருக்கு நேர்ந்த இழப்பு இன்னொருவரின் பேராசையால் வந்ததல்ல. இருவருக்கும் இடையில் விலையைத் தீர்மானிப்பவர்கள் வேறு.

பிறகு வந்தது நீண்ட காத்திருப்பு. பிரிட்டன் சட்டப்படி வெளியேறியது 2020 ஜனவரி 31 அன்று. ஐரோப்பியச் சந்தை விதிகள் அங்கே ஓய்ந்தது அந்த ஆண்டின் கடைசி நாளில். இந்தியாவோடு முறையான பேச்சு 2022 ஜனவரியில் தொடங்கியது. அந்த ஆண்டு தீபாவளிக்குள் முடிப்போம் என்றார் அப்போதைய பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன். தீபாவளி கடந்தது, ஒப்பந்தம் வரவில்லை. பேச்சு முடிந்தது 2025 மே 6 அன்று. கையெழுத்தானது ஜூலை 24 அன்று. இதற்கிடையே போட்டி நாடான வியட்நாம் 2021 தொடக்கத்திலேயே பிரிட்டனுடன் தனி ஒப்பந்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. வங்கதேசத்துக்கு மிகவும் வளர்ச்சி குன்றிய நாடு என்ற வகையில் வரியில்லா நுழைவு தொடர்ந்தது. இரசாயன விதிகளும் இரட்டிப்பாயின: தோலில் ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு 2015 முதல் வரம்பு வைத்த ஐரோப்பிய விதிமுறை ஒரு பக்கம், பிரிட்டன் தனக்கென்று பிரித்துக்கொண்ட விதிமுறை இன்னொரு பக்கம்.

புது ஒப்பந்தப்படி இந்தியக் காலணிகள் மீது பிரிட்டன் விதித்துவந்த 16 சதவீதம் வரையிலான வரி நீங்கும். ஆகவே அந்த வெளியேற்றம் ஆம்பூருக்கு நன்மையாகவே முடிந்தது என்று சொல்பவர்கள் உண்டு. இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. பிரிட்டன் ஒன்றியத்துக்குள் இருந்திருந்தால் தனியாகக் கையெழுத்திட்டிருக்க முடியாது. ஆனால் 2007இல் இந்தியா பேசத் தொடங்கியது பிரிட்டனையும் உள்ளடக்கிய முழு ஒன்றியத்தோடு. 2013இல் அந்தப் பேச்சு நின்றுபோனது. அது அப்போதே முடிந்திருந்தால் ஜெர்மனி, இத்தாலி, பிரான்ஸ், பிரிட்டன் எல்லாம் ஒரே வாசலில் திறந்திருக்கும். கிடைத்ததைக் கணக்கிடும்போது, அதற்காகக் காத்திருந்த ஒன்பது ஆண்டுகளையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். 1973இலும் 1991க்குப் பிறகும் இடைக்காலத்தைத் தாண்ட உதவியவை டெல்லி எடுத்த கொள்கை முடிவுகள். 2016க்குப் பிறகு வந்த உதவித் திட்டங்களை அவற்றுக்கு இணையானவை என்று சொல்ல முடியாது.

2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் இந்த வட்டாரம் வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை என்று மூன்று ஆட்சியர் அலுவலகங்களின் கீழ் வருகிறது. வரிக்குறைப்பால் ஒரு ஜோடிக்கு மிச்சமாகும் தொகையில் தையல் கூலிக்கு எவ்வளவு போகிறது என்பதை அந்த மூன்று அலுவலகங்களும் தொழிலாளர் துறையும் இன்றிலிருந்தே ஊர்வாரியாகப் பதிவு செய்ய வேண்டும். வீட்டில் தைப்பவர்களின் வேலைநாட்களும் அதில் இடம்பெற வேண்டும். அடுத்த வணிக ஒப்பந்தத்துக்கு டெல்லி பேசத் தொடங்கும் முன், ஆம்பூரிலும் மேல்விஷாரத்திலும் தொழிலாளர்களை அழைத்துப் பொதுக் கேட்பு நடத்த வேண்டும்.