சமூகப்பணிப் பட்டதாரிகள்: வேலையும் ஊதியமும்

சமூகப்பணி என்பது படித்துப் பயிற்சி பெற்றுச் செய்யும் தொழில்; சமூக சேவை யார் வேண்டுமானாலும் செய்வது. கல்லூரிக்கு வெளியே இந்த வேறுபாடு இன்னும் வழக்கில் வேரூன்றவில்லை. அதனால் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்தவரிடம் ‘சேவைக்கு எதற்குச் சம்பளம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. சம்பளம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரே பட்டம் வைத்திருக்கும் இருவரிடையே அது மடங்குக் கணக்கில் வேறுபடும். பணியிடத்தை எந்தச் சட்டம் உருவாக்கியது, பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் காரணம் பிடிபட்டுவிடும்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். காஞ்சியிலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், பாலாற்றங்கரையை ஒட்டி இருக்கிறது ஓரிக்கை. திருமழிசை ஆழ்வாரும் கணிகண்ணனும் காஞ்சியை விட்டு வெளியேறியபோது பின்தொடர்ந்த பெருமாள் ஓர் இரவு தங்கிய இடம் என்பதால் ‘ஓர் இரவு இருக்கை’ ஓரிக்கை ஆயிற்று என்பது பெயர்க்கதை. இங்கிருந்து வடகிழக்கே போனால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகள். வடக்கே தறிச் சத்தம் கேட்கும் காஞ்சி நகரம். தெற்கே ஆற்றைத் தாண்டினால் உத்திரமேரூர் வட்டத்தின் ஏரிப்பாசனக் கிராமங்கள். சமூகப்பணிப் பட்டதாரிக்கு மூன்று பக்கமும் வேலை உண்டு. சம்பளம் மட்டும் திசைக்கொரு விதம்.

படிப்பின் வரலாறு

இந்தியாவில் இக்கல்வி 1936இல் மும்பையில் சர் தோராப்ஜி டாடா பெயரிலான பள்ளியில் தொடங்கியது. நாக்பாடா குடியிருப்புப் பகுதியில் பணியாற்றிய அமெரிக்கப் பாதிரியார் கிளிஃபோர்டு மான்ஷார்ட் அதை வழிநடத்தினார். 1944 முதல் அது டாடா சமூக அறிவியல் கழகம். தமிழ்நாட்டில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் சென்னை சமூகப்பணிக் கல்லூரி உருவாயிற்று. எழும்பூரில் இன்றும் இயங்குகிறது. பின்னர் லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், மதுரை சமூக அறிவியல் நிறுவனம், திருச்சி பிஷப் ஹீபர் எனப் பரவியது.

வகுப்பறையைவிடக் களப்பயிற்சிதான் இப்படிப்பின் உயிர். வாரத்தில் சில நாட்கள் ‘ஃபீல்டு வொர்க்’, இடையில் ‘ரூரல் கேம்ப்’, கடைசியில் ஒரு மாத அளவில் ‘பிளாக் பிளேஸ்மென்ட்’. சமுதாய மேம்பாடு, குடும்பமும் குழந்தை நலமும், மருத்துவமும் மனநலமும், மனிதவளம் ஆகியவை வழக்கமான சிறப்புப் பிரிவுகள். எந்தப் பிரிவை எடுக்கிறோமோ அதுவே பிற்காலச் சம்பளத்தில் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது. இருபத்தொரு வயதில் எடுக்கும் முடிவுக்கு இது கொஞ்சம் அதிகமான பாரம்தான்.

தொழிற்சாலைக்குள்

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 49ஆம் பிரிவில், 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலையில் நலன் அலுவலர் இருக்க வேண்டும் என்றது. இதற்கான தமிழ்நாட்டு விதிகள் 1953இல் வந்தன. 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்தது. சமூகப்பணிப் பட்டத்துக்குத் தனியார் துறையில் நிரந்தர நாற்காலி போட்டுத் தந்தது அந்த 49ஆம் பிரிவுதான். கேன்டீன், விடுதி, பேருந்து, குழந்தைகள் காப்பகம், குறைதீர்ப்பு என்று வேலை நீளும். நலன் அலுவலர் நிர்வாகத்தின் சார்பில் தொழிலாளிக்கு எதிராக நீதிமன்றத்தில் நிற்கக் கூடாது என்று பல மாநிலங்களின் விதிகள் சொல்கின்றன; சம்பளம் தருவதோ நிர்வாகம். அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதே இப்பணியின் சிரமம்.

விடுதியும் உணவும் எவ்வளவு பெரிய விஷயம் என்பது 2021 டிசம்பரில் தெரிந்தது. விடுதி உணவால் பலர் நோயுற்றதை அடுத்து ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் சங்க அங்கீகாரம் கேட்டு ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் நடந்தது. இந்தத் தொழிற்சாலைப் பகுதியில் மனிதவளப் பிரிவில் சேரும் எம்.எஸ்.டபிள்யூ. பட்டதாரி, நிறுவனத்தின் சம்பள விகிதத்துக்குள் நுழைகிறார்; வருங்கால வைப்புநிதி, போனஸ், ஆண்டு உயர்வு எல்லாம் உண்டு. எம்.பி.ஏ. படித்தவரோடு போட்டி போட வேண்டும் என்பதுதான் விலை. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகக் குழுவில் வெளி உறுப்பினர் ஒருவர் தேவை என்பதால், அனுபவமுள்ள சமூகப்பணியாளர்களுக்கு ஒரு துணை வருமானமும் கிடைக்கிறது.

தொகுப்பூதியம்

ஆற்றுக்கு அந்தப்பக்கம், அரசுத் திட்டப் பணியில், நிலைமை வேறு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு உண்டு. ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் மத்திய, மாநில அரசுகள் 60:40 என்ற விகிதத்தில் செலவைப் பகிர்கின்றன. அதன் மாதத் தொகுப்பூதியம்: பாதுகாப்பு அலுவலருக்கு 27,804 ரூபாய், சமூகப்பணியாளருக்கு 18,536, புறத்தொடர்புப் பணியாளருக்கு 10,592. ஒப்பந்தப் பணி, அரசு ஊழியருக்குரிய ஆண்டு உயர்வும் ஓய்வூதியமும் கிடையாது. 10,592 ரூபாயை 26 நாட்களால் வகுத்தால் நாளுக்கு 407 ரூபாய். 2025-26இல் தமிழ்நாட்டின் நூறு நாள் வேலைக் கூலி 336.

இந்தத் தொகைக்குச் செய்யும் வேலை சின்னதல்ல. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு ஓர் அழைப்பு வந்தால் உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் பஸ் பிடித்துப் போக வேண்டும். குழந்தைத் திருமணத்தை நிறுத்தினால் ஊரின் கோபத்தைத் தாங்க வேண்டும். திரும்பி வந்து சமூக விசாரணை அறிக்கை எழுத வேண்டும். குழந்தை வீட்டுக்குப் போகலாமா, இல்லத்தில் இருக்க வேண்டுமா என்று குழந்தைகள் நலக் குழு முடிவெடுப்பது அந்த அறிக்கையைப் படித்துத்தான்.

இதே துறையில் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வு எழுதி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலராக நுழைந்தவர் 56,100 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் தொடங்குகிறார், அகவிலைப்படி தனி. அதனால்தான் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள் பலர் பையில் தேர்வாணையக் கையேட்டோடு களத்துக்குப் போகிறார்கள்.

தொண்டு நிறுவனங்கள்

காஞ்சிபுரத்தில் தொண்டு நிறுவனங்கள் வளர்ந்ததற்குத் தறிக்குழியில் உட்கார்ந்த குழந்தைகளே காரணம். பட்டு நெசவில் குழந்தைத் தொழிலாளர்களை மீட்டுப் பள்ளிக்கு அனுப்பும் வேலையில் ரைடு நிறுவனம் நெடுங்காலம் ஈடுபட்டது. 2002இல் இங்கே தொடங்கிய ஹேண்ட் இன் ஹேண்ட், குழந்தைத் தொழில் ஒழிப்பிலிருந்து மகளிர் குழுக்கள், சிறுகடன் என்று விரிந்தது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைத் தொழிலாளர்கள் மீட்கப்பட்டார்கள். அன்றைய படங்கள் நாடெங்கும் பேசப்பட்டன. இத்தகைய மீட்புக்குப் பிறகு விடுவிப்புச் சான்றிதழ், சாதிச் சான்று, வீட்டுமனை என்று மாதக்கணக்கில் அலையும் வேலையைப் படம் எடுக்க யாரும் வருவதில்லை. சமூகப்பணியாளரின் நாட்கள் கழிவது அதில்தான்.

இங்கே சம்பளம் நன்கொடையாளரின் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி. திட்டம் முடிந்தால் அந்த வரியும் முடியும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம் நிர்வாகச் செலவு வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆக்கியது; பெற்ற நிதியை வேறு அமைப்புக்குப் பகிர்வதையும் தடுத்தது. பெரிய நிறுவனத்திடம் பங்கு பெற்று இயங்கிய சிறிய ஊர் அமைப்புகளுக்கு இந்த இரண்டாவது அடிதான் வலித்தது. செலவு வரம்பைப் பொறுத்தவரை, விதிகளின்படி மருத்துவமனையில் மருத்துவர் சம்பளமும் பள்ளியில் ஆசிரியர் சம்பளமும் திட்டச் செலவு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரின் சம்பளம் நிர்வாகச் செலவு.

2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவில், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொன்னது. இதனால் புதிய வேலைகள் வந்தன. ஆனால் நிறுவனத்துக்குள் அமர்ந்து நிதியை ஒதுக்கும் பட்டதாரியும், அதைப் பெற்றுக் கிராமத்தில் செலவிடும் பட்டதாரியும் ஒரே வகுப்பில் படித்தவர்களாக இருந்தாலும் ஒரே சம்பளம் வாங்குவதில்லை.

மருத்துவமனையும் வகுப்பறையும்

காரப்பேட்டை அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் நோயாளியின் குடும்பத்தோடு பேசவும் காப்பீட்டுக்கு வழிகாட்டவும் ஆள் தேவை. உறுப்பு மாற்று மருத்துவமனைகளுக்கு மாற்று ஒருங்கிணைப்பாளர் கட்டாயம். சென்னையின் மோகன் அறக்கட்டளை இதற்குப் பயிற்சி தருகிறது. மனநலத்தில் 1993இல் தொடங்கிய ‘தி பேனியன்’, வைஷ்ணவி ஜெயக்குமாரும் சமூகப்பணி படித்த வந்தனா கோபிகுமாரும் உருவாக்கியது.

கற்பித்தலுக்கு வர நெட் அல்லது செட் தேர்வு வேண்டும். நெட் தேர்வு வழியாகக் கிடைக்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். பல்கலைக்கழக மானியக் குழு விகிதத்தில் உதவிப் பேராசிரியரின் தொடக்கச் சம்பளம் 57,700. சுயநிதிக் கல்லூரிகளில் இந்த விகிதத்தை எதிர்பார்க்க முடியாது.

பதிவு

வழக்கறிஞருக்கு பார் கவுன்சில் இருப்பதுபோல் சமூகப்பணியாளர் அனைவருக்குமான நாடு தழுவிய சட்டபூர்வ மன்றம் இல்லை. யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை அட்டையில் அச்சிட்டுக்கொள்ளலாம். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, ஊர் வாரியத்தில் உட்காரத் தகுதி எது, தகுதியின்மை எது என்று வயது முதல் கணக்கு ஒப்படைக்காதது வரை வரிசைப்படுத்துகிறது என்பது இங்கே நினைவுக்கு வராமல் போகாது.

மனநலச் சமூகப்பணியாளர் ஒரு விதிவிலக்கு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவருக்கு முதுகலையோடு இரண்டாண்டு எம்.ஃபில். பயிற்சி வேண்டும் என்று வரையறுத்தது. பெரும்பாலான பிற துறைகளில் எம்.ஃபில். நிறுத்தப்பட்ட பிறகும் இதற்கு 2025-26 கல்வியாண்டு வரை மானியக் குழு நீட்டிப்புத் தந்தது.